பதினேழாம் கட்டம்

இடது கை அளவுகோலை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை கறுப்பு மைப் பேனாவால் கோடு இழுத்தது. அளவுகோலை எடுக்கும்போது மை இழுபட்டுவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் கைகள் முதலில் ஒரு முனையை மட்டும் தூக்கி, செத்த நேரம் காத்திருந்து, பிறகு மறு முனையைத் தூக்கின. அடுத்த கோடு. அதற்கடுத்தது. ஒரு தாளில் முப்பத்திரண்டு கட்டங்கள் வர வேண்டும். எண்களைச் சின்னதாக இடது மூலையில் எழுத வேண்டும்.

பக்கத்தில் பழைய படிவம் ஒன்று கிடந்தது. நான்காக மடித்து மடித்து, மடிப்பு கிழியும் நிலையில் இருந்தது. ஒரு ஓரத்தில் மஞ்சள் கறை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் புதிய தாளில் எழுத்து ஏறியது. பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது. பயிர்: சின்ன வெங்காயம். பாசனம்: கிணறு. பதினாறாம் கட்டம் வரை பேனா நிற்கவில்லை. பதினேழில் நின்றது. கைகள் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டன.

"ஏண்டி ரீனா, இம்பொசிஷனா எழுதுற?"

காபித் தம்ளரோடு வந்த அம்மா ஜெயமேரி கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் திண்டுக்கல் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு இம்பொசிஷன் கொடுத்தவள் அவள்.

"ஆமாம்மா. ஒரே ஒரு கட்டத்தத் தப்பாப் போட்டுட்டேன். அதுக்கு முழுப் பக்கமும் எழுதணும்."

"கம்ப்யூட்டர்ல மாத்தி பிரிண்ட் எடுத்தா அஞ்சு நிமிசம்."

"அன்னைக்கு அந்த விவசாயி கண்ணு முன்னாடி பேனாவுலதாம்மா எழுதினேன்."

ஜெயமேரி தம்ளரைத் தாளிலிருந்து தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

ரீனாவுக்கு முப்பத்திரண்டு வயது. நாகல் நகரில் வீடு. அப்பா செபஸ்தியானும் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்துக்கு எங்கேயும் ஒரு சென்ட் விளைநிலம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் முருங்கைக் கிளை ஒன்று தொங்கும். மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது. மருத்துவத்துக்கு மதிப்பெண் போதாமல் இளங்கலை வேளாண்மையில் சேர்ந்தவள், முடித்ததும் விதைக் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். வடமதுரைக்கும் கன்னிவாடிக்கும் பஸ் ஏறி, கடை கடையாகப் போய், விதைப் பாக்கெட்டுகளின் முளைப்புத் திறனைப் பற்றிப் பேசினாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "முளைக்கும்மா, அதெல்லாம் முளைக்கும். வெல கெடைக்குமா?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. ஏழு வருஷமாகப் பதில் இல்லாமல் இருந்ததுதான் அவளைத் திரும்பப் படிக்க அனுப்பியது. வேளாண் பொருளாதாரத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்ததும் சித்தி சிரித்தாள். "கத்திரிக்கா வெல கேக்குறதுக்கு ரெண்டு வருசம் படிப்பா? காலையில மார்க்கெட்டுக்குப் போனா அஞ்சு நிமிசத்துல சொல்லிருவான்." செபஸ்தியான் மட்டும் சொன்னார். "அவ என்ன வெலன்னு கேக்கப் போகல. ஏன் அந்த வெலன்னு கேக்கப் போறா."

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது. சொந்த நிலத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவரும், பிறர் நிலத்தில் போடுகிறவரும் மண்ணுக்கு ஒரே மாதிரிதான் செய்கிறார்களா? சொந்தக்காரர் எரு போடுகிற அளவுக்கு மற்றவரும் போடுவாரா? நூற்றிருபது விவசாயிகள். ஒவ்வொருவரிடமும் முப்பத்திரண்டு கேள்விகள். அவற்றில் பதினேழாவதுதான் ஆய்வின் அச்சாணி. "நிலத்தை எம்முறையில் அனுபவிக்கிறீர்கள்?" அதற்கு எதிரே மூன்று சொற்களை அச்சடித்திருந்தாள்: சொந்தம், குத்தகை, வாரம். ஒன்றில் குறி போட வேண்டும். சொந்தமும் குத்தகையும் எல்லாருக்கும் தெரிந்தவை. வாரம் என்பது விளைச்சலில் பங்கு. நிலத்துக்காரருக்குப் பாதி, உழுகிறவருக்குப் பாதி.

வழிகாட்டிப் பேராசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். "காலிக் கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சரியாகப் பதில் வரவில்லை என்றால் மறுபடி கேள். வேறு மாதிரிக் கேள்." ரீனாவுக்கு அந்த வேலை கைவந்தது. முதல் ஊரில் மட்டும்தான் தடுமாறினாள். சர்வே எடுக்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் பெரியவர் ஒருவர் அவள் கையையும் பையையும் பார்த்து, "சங்கிலி எங்கத்தா? சங்கிலி இல்லாம எப்படி நெலத்த அளப்ப?" என்று கேட்டார். அதற்குப் பிறகு சர்வே என்ற சொல்லை விட்டுவிட்டாள். படிப்புக்காகக் கேட்கிறேன் என்றாள். கட்டங்கள் நிறைந்தன. பேராசிரியை வகுப்பில் மற்றவர்களுக்கு அவளுடைய படிவங்களை எடுத்துக் காட்டினார்.

உடையப்பன் நாற்பத்தேழாவது ஆள். வடமதுரைக்குத் தெற்கே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு ஏக்கர் வெங்காயம். வைகாசி வெயிலில் மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். மனைவி சின்னக்கண்ணு வரப்போரம் களை பறித்துக்கொண்டிருந்தாள். ரீனா வரப்பில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். பதினாறு கட்டம் வரை ஓட்டமாக ஓடியது.

"தோட்டம் யாருதுய்யா?"

"பொன்னுத்துரை அண்ணன் தோட்டம். திண்டுக்கல்ல மோட்டார் கட வச்சிருக்காகள்ல, அவுக."

"நீங்க?"

"நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிறதுன்னா சம்பளத்துக்கா?"

"சம்பளமா?" அவர் சிரித்தார். "இருவத்திரெண்டு வருசமாப் பாத்துக்கிறேன் தாயி."

"அப்ப குத்தகையா?"

"அட, குத்தகையெல்லாம் இல்ல. பாத்துக்கிறேன்."

களை பறித்துக்கொண்டே சின்னக்கண்ணு குரல் கொடுத்தாள். "அதேன் பாத்துக்கிறோம்னு சொல்றாருல்ல? காலேசுல படிக்கிற புள்ளைக்கு ஒரு தடவ சொன்னா வெளங்காதா?"

ரீனாவும் சிரித்தாள். பிறகு, பேராசிரியை சொன்னபடி, வேறு மாதிரிக் கேட்டாள்.

"வெளைஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

"அவுகளுக்குப் பாதி. நமக்குப் பாதி."

"வெத வெங்காயம்?"

"நாங்க எடுத்து வைப்போம். அவுக வந்து கையால எடுத்துக் குடுப்பாக."

"அப்ப அது வாரம்தானேய்யா?"

உடையப்பன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். பாத்தி நிறைந்து தண்ணீர் வரப்பைத் தாண்டப் பார்த்தது. அதை மண் போட்டு அடைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"சொல்லப்போனா வாரந்தேன்" என்றார். "ஆனா அப்படி யாரும் சொல்லிக்கிறதில்ல."

ரீனா 'வாரம்' என்ற சொல்லுக்கு நேரே குறி போட்டாள். மூன்று தடவை கேட்டு, நான்காவதில் பதிலைப் பிடித்துவிட்ட திருப்தி அவளுக்கு.

அவர் ஏன் மண்வெட்டியை ஊன்றி நின்றார் என்பதை அவள் அன்று யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வாரம் என்பது இரண்டு பேருக்கு இடையே இருக்கிற விஷயம். மூன்றாவது ஆளிடம் உழுகிறவர் "பாத்துக்கிறேன்" என்பார். நிலத்துக்காரர் "அவன் பாத்துக்கிறான்" என்பார். இரண்டு பேருக்கும் உள்ளது தெரியும். காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது. விதைக்கிற நாளில் நிலத்துக்காரர் வந்து ஒரு கை விதை வெங்காயத்தை எடுத்துக் கொடுப்பார். அடுத்த அறுவடை வரைக்கும் அது போதும். இருபத்திரண்டு வருஷம் அதிலேயே ஓடியிருந்தது.

உடையப்பன் கையெழுத்துப் போட்டார். ஈரக் கையை வேட்டியில் துடைத்து, உகரத்தின் வளைவை நிதானமாகச் சுழித்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்து, எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ரீனாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வகுப்பில் வேறு யாரும் செய்யாதது. ஒரு மனிதரிடம் அரை நாள் கேள்வி கேட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் கொடுக்காமல் வருவது அவளுக்கு ஒப்பவில்லை. அதனால் ஒவ்வொரு படிவத்தையும் நகல் எடுத்து, அடியில் 'நன்றி' என்று கையால் எழுதி, துறையின் முத்திரையும் குத்தி, அடுத்த வாரமே கொண்டுபோய் அவரவரிடம் கொடுத்துவிடுவாள். உடையப்பனுக்கும் கொடுத்தாள். அவர் பெயரும் அந்தத் தோட்டத்தின் புல எண்ணும் ஒரே காகிதத்தில் சேர்ந்து இருந்தது அதுதான் முதல் தடவை. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

ஆடி கடைசியில், சில அளவுகளைச் சரிபார்க்க ரீனா திரும்பப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தவள், தோட்டம் மாறி வந்துவிட்டோம் என்று நினைத்தாள். பாத்திகள் இல்லை, வரப்பு இல்லை. டிராக்டர் ஓட்டி மட்டமாக்கிய நிலத்தில் இருபத்தைந்து அடிக்கு ஒரு குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு தென்னங்கன்று, வெயிலுக்கு மறைவாகப் பனையோலை செருகி நின்றது. கிணற்றைப் பார்த்துத்தான் இடம் அதுவேதான் என்று தெரிந்துகொண்டாள்.

ஊருக்குள் போனாள். வீட்டுக்கு முன்னால் சின்னக்கண்ணு வெங்காயப் பட்டறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தாளோடு அடுக்கி, மேலே ஓலை வேய்ந்து காற்றாட வைத்திருந்த விதை வெங்காயம். அழுகியதைப் பொறுக்கித் தனியே போட்டாள்.

"ஏத்தா, நீயா? வா. அவரு இல்ல. மில்லுக்குப் போயிருக்காரு, வாட்சுமேன் வேலைக்கு."

"தோட்டம்…"

"பாத்தியா? தென்னங்கன்னு வச்சுட்டாக."

அவள் சத்தம் போடவில்லை. வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். ஆனியில் அறுவடைக்குப் பொன்னுத்துரை ஸ்கூட்டரில் வந்தார். "அவுக வண்டிய நிறுத்தக்கூட இல்ல. எங்க மனுசன் ஓடிப்போயி காகிதத்த நீட்டுறாரு. 'பாத்தியளாண்ணே, காலேசுல இருந்து வந்து நம்ம தோட்டத்த எழுதிட்டுப் போயிருக்காக'ன்னு. அம்புட்டுப் பெரும. அவுக படிச்சாக. ரெண்டு வாட்டி படிச்சாக. மடிச்சுக் குடுத்துட்டாக. ஒண்ணுஞ் சொல்லல. எப்பவும் போல வெங்காயத்தப் பாதியாப் பிரிச்சாக, டீ குடிச்சாக, போனாக. ஆடி ஒண்ணாந்தேதி குழி தோண்டுற வண்டி வந்து நிக்கிது."

"நான் வேணும்னு செய்யலம்மா."

"வேணும்னு செஞ்சிருந்தா வஞ்சிரலாம்த்தா. இத என்னத்தச் சொல்லி வைய?" அழுகிய வெங்காயம் ஒன்றை எட்டி எறிந்தாள். "சாப்டியா? வெஞ்சனம் ஒண்ணும் இல்ல. ஊறுகாதேன்."

ரீனா சாப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும் வழியில் மில் வாசலில் உடையப்பனைப் பார்த்தாள். தோள் இரண்டு பக்கமும் தொங்கும் காக்கிச் சட்டையில், இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஐயா, என்னாலதான்…"

"நீ என்ன பண்ணுவ தாயி, நான்ல கொண்டுபோயி காட்டுனேன்." கொஞ்சம் சிரித்தார். "இங்கயும் பாத்துக்கிற வேலதேன். சட்ட வேற குடுத்திருக்காக."

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் பேராசிரியையிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "அவரை நீக்கிவிடு. நூற்றுப் பத்தொன்பது போதும்" என்றார். அதைக் கேட்டதும் ரீனாவுக்கு ஏனோ தென்னங்கன்றுகளின் வரிசை நினைவுக்கு வந்தது.

வாரம் என்று குறி போட்டவர்கள் உடையப்பனோடு சேர்த்துப் பதினான்கு பேர். மற்றப் பதின்மூன்று பேரிடமும் நகல் இருந்தது. ஆவணி முழுக்க ரீனா பஸ் ஏறி இறங்கி அவற்றைத் திரும்ப வாங்கினாள். "குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாகளா?" என்று ஒருவர் கேலி செய்தார். காரணத்தைச் சொன்னதும் அவள் கண்முன்னாலேயே கிழித்து அடுப்பில் போட்டார். கன்னிவாடிப் பக்கம் ஒரு பெண், "அதுல அவரைக்கா வெத மடிச்சு வச்சிருக்கேன், இரு" என்று பரணிலிருந்து பொட்டலத்தை எடுத்து, விதையை முந்தானையில் கொட்டிவிட்டுத் தாளைக் கொடுத்தாள். பதின்மூன்று நிலமும் தப்பித்தன. ஒன்றுதான் போனது.

எல்லாம் முடிந்த பிறகு பொன்னுத்துரையின் கடைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் மோட்டார் பம்புக் கடை. ஐம்பத்தைந்து வயது மனிதர். உடையப்பனைவிடச் சின்னவர்தான், நிலம் இருப்பதால் அண்ணன்.

"நீதான் அந்தப் பொண்ணா? வா பாப்பா, உக்காரு." டீ வாங்கிவரச் சொன்னார். "உடையப்பன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. தங்கமான மனுசன்."

"பின்ன ஏன் சார்?"

"நாங்க ரெண்டு பேரும் வாயால சொல்லிக்காத வார்த்தைய நீ எழுதி, முத்திரையும் குத்திக் குடுத்துட்ட. அவன் கேக்க மாட்டான். நாளைக்கு அவன் மகன் வாரத்துக்கு உழுதோம், நெலத்துல உரிமை உண்டுன்னு கேப்பான். எங்க பெரியப்பா மகன் இப்படி ஒரு துண்டுக் காகிதத்தால பதினெட்டு வருசமா கோர்ட்டுக்கு நடக்குறான் பாப்பா. எனக்குப் பயம்."

"அது வெறும் படிப்புக்காக எழுதினது சார்."

"ஒனக்கு வெறும் படிப்பு."

டீ வந்தது. ரீனா தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வில்லனைப் பார்க்க வந்ததாக நினைத்திருந்தாள். எதிரே இருந்தவரோ பயந்துபோன ஒரு கடைக்காரர்.

பொன்னுத்துரையே பேசினார். "தென்னைய இனி பிடுங்க முடியாது. ஆனா ஒரு நாலு வருசத்துக்குப் பெருசா நெழல் விழாது. ஊடால வெங்காயம் போடலாம். அந்தப் பழைய காகிதத்தத் திருப்பி வாங்கிட்டு வா. 'கூலிக்கு வேலை பார்க்கிறார்'னு வேற ஒண்ணு எழுது. அவன் கையெழுத்துப் போடட்டும். புரட்டாசி முடியிறதுக்குள்ள குடுத்தா ஊண்டச் சொல்றேன். முத்திரையெல்லாம் வேணாம். முத்திரையப் பாத்தாலே நெஞ்சு அடிக்குது."

ரீனா அன்றே மில் வாசலுக்குப் போனாள். பஸ்ஸில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உடையப்பன் முழுவதும் கேட்டார்.

"கூலின்னா எழுதச் சொல்றாக?"

"ஆமாய்யா. சும்மா ஒரு பேச்சுக்கு."

"நீயும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான தாயி அன்னைக்கு எழுதுன."

லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவர் போய்க் கதவைத் திறந்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, கதவை மூடிவிட்டு வந்தார்.

"கூலிக்காரனா இருந்தா மழ பேஞ்ச அன்னைக்கு வீட்டுல படுத்திருப்பேன்ல? மழ பேஞ்ச அன்னைக்கெல்லாம் நான் தோட்டத்துலதான் நின்னேன், தண்ணிய வெட்டி விட. கூலின்னு எழுதுனா கையெழுத்துப் போட மாட்டேன். வெங்காயம் முளவிட்டுப் போனாலும் போகட்டும்."

"பின்ன என்னய்யா எழுதட்டும்?"

"நான் அன்னைக்குச் சொன்னத எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லையேய்யா."

"நீதான கட்டம் போட்ட?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நகலை எடுத்து அவளிடம் நீட்டினார். விதைக் கம்பெனி நாட்களில் விலை பற்றிக் கேட்டபோதும் அவளிடம் பதில் இல்லைதான். ஆனால் அப்போது அது தெரியாத விஷயம். இது ஏற்கனவே அவள் காதில் விழுந்த பதில். ஒரு மனிதர் தன் இருபத்திரண்டு வருஷத்தை ஒரே சொல்லில் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் அதைப் பதில் இல்லை என்று தள்ளிவிட்டு, நான்காவதாகத் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டாள். காலிக் கட்டம் இல்லாத நூற்றிருபது படிவங்கள் என்று எல்லாரும் புகழ்ந்தார்களே, அவற்றில் இன்னும் எத்தனை கட்டங்களை இப்படி நிரப்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

அதனால்தான் அச்சடித்த படிவம் உதவவில்லை. அதில் பதினேழாம் கட்டத்துக்குள் மூன்று சொற்கள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தன. நான்காவதுக்கு இடமில்லை. அதனால்தான் அளவுகோல்.

ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கைகள் மறுபடி பேனாவைத் திறந்தன. பதினேழாம் கட்டத்தைக் கொஞ்சம் அகலமாகவே விட்டிருந்தாள். அதில் ஒரே சொல்லை எழுதினாள்: பார்த்துக்கொள்கிறார். மை காயும்வரை ஊதாமல் காத்திருந்தாள். பிறகு பதினெட்டு, பத்தொன்பது என்று முப்பத்திரண்டு வரை நிறுத்தாமல் எழுதி முடித்தாள். ஆய்வேட்டின் அட்டவணையிலும் வாரம் என்ற வரிசையில் பதின்மூன்று என்று மாற்றி, அதற்கு அடியில் புதிதாக ஒரு வரிசை சேர்த்தாள். 'வகைப்படுத்த இயலாதவர்: ஒருவர்.' பேராசிரியை அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

புரட்டாசி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குப் போய்விட்டு, அப்படியே வடமதுரை பஸ்ஸில் ஏறினாள். தோட்டத்தில் உடையப்பன் முன்பே வந்து நின்றார். காக்கிச் சட்டை இல்லை. சின்னக்கண்ணு ஒரு கூடை விதை வெங்காயத்தை ஈரச் சாக்கால் மூடிக் கிணற்றடியில் வைத்திருந்தாள். சாக்கைத் தூக்கிக் காட்டினாள். எல்லாவற்றிலும் பச்சை முளை.

"இன்னும் நாலு நாளு தள்ளுனா கொழம்புக்குத்தேன்" என்றாள்.

உடையப்பன் பேனாவை வாங்கினார். இந்த முறை உகரத்தைச் சுழிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கையெழுத்தைத் திரும்பப் பார்க்கவும் இல்லை.

பொன்னுத்துரை ஸ்கூட்டரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கன்றுகளை ஒரு பார்வை பார்த்தார். "கண்ணாடி கொண்டாரல பாப்பா. நீயே படி."

ரீனா படித்தாள். பெயர், தகப்பனார் பெயர், ஊர். பதினாறைப் படித்தாள். பதினேழைப் படித்தாள்.

"கூலின்னுல்ல எழுதச் சொன்னேன்" என்றார் பொன்னுத்துரை.

உடையப்பன்தான் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க எல்லார்ட்டயும் சொல்றதுதானண்ணே அது."

பொன்னுத்துரை கிணற்றைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முளைகளைப் பார்த்தார்.

"நாலு வருசந்தான் உடையப்பா. நெழல் விழுற வரைக்கும்."

"சரிண்ணே."

"அதுக்கப்புறம் பேச்சு இல்ல."

"இல்லண்ணே."

ரீனா கேட்டுக்கொண்டு நின்றாள். எழுதாமல் இருந்தவரை அந்தத் தோட்டத்துக்கு ஒரு முடிவு இருக்கவில்லை. அவள் எழுதினாள், இப்போது நாலு வருஷம் என்று ஓர் எல்லை வந்துவிட்டது. தென்னை வளர வளர, ஒவ்வொரு வருஷமும் அதன் நிழல் வெங்காயத்தின் மேல் எவ்வளவு தூரம் வரும் என்று அவளால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். அதற்குத்தான் அவள் படித்திருந்தாள்.

"குடு" என்று பொன்னுத்துரை கையை நீட்டினார்.

பழைய நகலையும் அதன் மூலப் படிவத்தையும் அடியில் வைத்து, கையால் எழுதிய தாளை மேலே வைத்தாள். நகல் எடுத்திருக்கவில்லை. இரண்டு கையாலும் நீட்டி, அவர் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்து, விட்டாள்.